முதுகுத் தட்டு

— மூச்சை விடுங்க.

— விட்டுட்டேன்.

— பொய். வயித்தை எக்கிப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறீங்க. தினமும் நாப்பது பேருக்கு அளவு எடுக்குறவகிட்டயே இந்த வேலையா?

— பழக்கம்.

— எல்லாருக்கும்தான் பழக்கம். டேப்பைப் பார்த்ததும் தொப்பை உள்ளே ஓடிப் போயிடும். வீட்டுக்குப் போய்ச் சட்டையை மாட்டினதும் வெளியே வந்துடும். அப்புறம் தையல் சரியில்லைன்னு என் தலையை உருட்டுவாங்க. விடுங்க... இன்னும் கொஞ்சம்... ஆங். இதுதான் நிஜம். முப்பத்தெட்டரை.

— முப்பத்தாறுன்னு எழுதி வெச்சிருந்தேன்.

— அது நம்ம கல்யாணத்தப்போ. முப்பத்தாறை வெச்சா இந்த மார்புத் தட்டை வெட்டினீங்க?

— ஓரம் மட்டும்தான். அதுவும் ரெண்டு நூல், கால் இஞ்சு விட்டு வெட்டினேன்.

— நூல் கணக்கெல்லாம் நீங்க ரிப்பேர் பார்க்குற லிப்டுக்குச் சரி. லிப்டு மூணு வேளை சாப்பிடாது. தட்டை மார்புல வெச்சுப் பிடிச்சுக்கிட்டேன், கையை இறக்குங்க. வலிக்குதா?

— கக்கத்துல குத்துது.

— குத்தும். அங்கே உப்புத்தாள் போட்டுத் தேய்க்கணும். சாக்பீஸ் கொண்டு வந்திருக்கேன், கோடு போட்டுத் தர்றேன். ஒண்ணு கேக்குறேன், கோவிச்சுக்காதீங்க. கூப்பிட்டது இதுக்குத்தானா?

— மெசேஜ்ல சொன்னேனே.

— என்ன சொன்னீங்க? 'ரெண்டு கை பத்தலை, வர முடியுமா.' அவ்வளவுதான். பத்தொன்பது மாசத்துல முதல் மெசேஜ். கையை ஒடிச்சுக்கிட்டீங்க, லிப்டுக் குழியில விழுந்துட்டீங்கன்னு நினைச்சு, கடைல அரை நாள் லீவு சொல்லிட்டு ஓடி வர்றேன். வந்து பார்த்தா சாப்பாட்டு மேசை முழுக்கப் பிளாஸ்டிக். நாற்காலியில ஒரு கால். டிவி மேல ஒரு தலை.

— ஹெல்மெட்.

— ஹெல்மெட்னு பக்கத்துல வந்தப்புறம்தான் தெரிஞ்சுது. வாசல்ல இருந்து பார்த்தப்போ உயிரே போயிடுச்சு.

— சாரி.

— சரி, சொல்லுங்க. இது என்ன கூத்து?

— கவசம்.

— வாயைத் திறந்தா முத்து உதிர்ந்துடுமா? முழுசாச் சொல்லுங்க.

— ஒரு நிமிஷம். எங்கிருந்து ஆரம்பிக்குறதுன்னு பார்க்குறேன். ஒரு தொடர் இருக்கு. அதுல எல்லைக் கோட்டையைக் காவல் காக்குற சிப்பாய்ங்க. எல்லாரும் இதே சாம்பல் கலர். மூஞ்சி தெரியாது, பேர் கிடையாது, நம்பர் மட்டும்தான். அந்தக் கவசத்தைச் செஞ்சு போட்டுக்குற ஆளுங்க ஒரு குழுவா இருக்காங்க. இந்த ஊர்லயே நாப்பது பேர். பெட்டியில இருபத்தாறு துண்டு வரும். அப்படியே மாட்ட முடியாது. அவங்கவங்க உடம்புக்கு அவங்கவங்களே வெட்டணும், ஒட்டணும், பட்டை வெச்சுத் தைக்கணும்.

— நாப்பத்திமூணு வயசுல?

— குழுவுல அறுபது வயசுக்காரர் ஒருத்தர் இருக்கார். பல் டாக்டர்.

— அதுக்கில்லை. உங்களுக்குக் குழுவா? விருந்துக்குக் கூட்டிட்டுப் போனா செருப்பு விடுற இடத்துல போய் ஒளிஞ்சுக்குவீங்களே!

— இதுல பேச வேண்டியதில்லை. அதான்.

— சரிதான். இத்தனை வருஷம் கண்ணுக்குத் தெரியாத கவசத்தைப் போட்டுக்கிட்டு இருந்தீங்க. இப்போ தெரியுற மாதிரி ஒண்ணு வாங்கிட்டீங்க.

— இதைச் சொல்லுவேன்னு தெரியும். வந்து பத்து நிமிஷத்துல சொல்லுவேன்னு நினைச்சேன். இருபது ஆச்சு.

— அட, சிரிக்கக்கூட வருதே! போதும் போதும், திரும்புங்க. முதுகுத் தட்டை எடுங்க. தனியா முடியலைன்னது இதுதானே?

— ஆமா. பக்கிள் ரெண்டும் பின்னாடி. தோள்பட்டைக்குக் கீழே ஒண்ணு, இடுப்புக்கு மேலே ஒண்ணு. நான் எப்படி வளைஞ்சாலும் எட்டலை. அதை விடு. எங்கே இடிக்குது, எங்கே தூக்குதுன்னு பார்க்கணும்ல. என் முதுகை நான் எப்படிப் பார்ப்பேன்?

— நில்லுங்க. நேரா. கழுத்தைத் தொங்கப் போடாதீங்க. இந்தப் பக்கிள் என்ன, இவ்வளவு இறுக்கம்... ஆங், விழுந்துடுச்சு. இருங்க இருங்க. இது என்ன? வலது பக்கம் கழுத்துல ஏறிக் குத்துது. இடது பக்கம் என் ரெண்டு விரல் நுழையுது.

— இடிச்ச பக்கத்தைத்தான் வெட்டினேனே.

— வெட்டினது இடது பக்கத்தை.

— அதுதானே இடிச்சுது?

— நான் பின்னாடி நிக்கிறேன். எனக்குத் தெரியாதா? இடிக்குறது வலது. கத்தி பட்டிருக்குறது இடது ஓரத்துல.

— ஒரு நிமிஷம். போட்டோ எடுத்துப் பார்த்துத்தானே கோடு போட்டேன். போனை அலமாரியில சாய்ச்சு வெச்சு, டைமர் போட்டு, ஓடி வந்து திரும்பி நின்னு... முப்பது தடவை எடுத்திருப்பேன்.

— எந்தப் பக்கத்துக் கேமரா?

— முன்னாடி இருக்குறது. அதுலதானே படத்துக்குள்ள நிக்கிறேனான்னு தெரியும்.

— போச்சு. அது வலதை இடதாக் காட்டும். கடைக்கு வர்ற பொண்ணுங்க பாதிப் பேர் அந்தப் போட்டோவைத்தான் நீட்டுவாங்க. நான் மாத்தி நினைச்சுக்கிட்டுத்தான் ஊசியே குத்துவேன். சரி, போன்தான் அப்படி. இடிச்சது எந்தத் தோள்னு உங்க உடம்புக்குத் தெரியலையா?

— தெரிஞ்சுது. வலதுன்னு தெரிஞ்சுது. ஆனா போட்டோவுல இடதா இருந்துச்சு. நான்தான் தப்பா உணர்றேன்னு நினைச்சுட்டேன்.

— குத்துறது உங்க தோள்ல. நம்பினது போனை. உங்களை என்னன்னு சொல்றது?

— பக்கத்துல ஒருத்தர் நின்னு 'யோவ், அது அந்தப் பக்கம்'னு சொல்லியிருந்தா வெட்டியிருக்க மாட்டேன். சும்மா சொன்னேன்.

— உங்க இடது தோள் ஒரு விரல் தாழ்வு. கல்யாணமான மாசத்துலயே பார்த்தேன். டூல் பையை அந்தத் தோள்லயே மாட்டி மாட்டி அப்படி ஆயிடுச்சு. உங்க சட்டை ஒவ்வொண்ணையும் பிரிச்சு, இடது தோளுக்குள்ள மெல்லிசா ஒரு பட்டை வெச்சுத் தைச்சுக் குடுத்தேன். பன்னெண்டு வருஷம். அதுகூடத் தெரியாதா?

— தெரியாது.

— தெரியாது!

— இப்போ வாங்குற சட்டை எதுவுமே சரியா உக்கார மாட்டேங்குது. கடைல தைக்குறது இப்போ மோசமாயிடுச்சுன்னு நினைச்சேன்.

— கடைத் தையல் எப்பவும் போலத்தான் இருக்கு. வெட்டின துண்டைத் தூக்கிப் போட்டுட்டீங்களா?

— இல்லை. பெட்டியில இருக்கு. ஒண்ணைக்கூடப் போடலை.

— அது ஒண்ணாவது என்கிட்ட கத்துக்கிட்டீங்களே. இருங்க, முதுகுத் தட்டைக் கழட்டிடுறேன். துண்டை எடுங்க. இதைத் திரும்ப அதே இடத்துல வெச்சு, உள்பக்கம் அகலமா ஒரு பட்டை குடுத்து ஒட்டுவோம். வெளியே கோடு தெரியுமா?

— புட்டி வெச்சுத் தேய்ச்சுப் பெயின்ட் அடிச்சா தெரியாது. ஆனா பட்டை வளையணும். ஹேர் டிரையர் வெச்சுச் சூடு காட்டணும். நான் காட்டுறேன், நீ அழுத்திப் பிடி. துணி கை உறை இருக்கு, போட்டுக்கோ. விரல் சுட்டுடும்.

— அடேங்கப்பா, அக்கறை.

— ஏன்?

— ஒண்ணுமில்லை. பிடிங்க. சூடு காட்டுங்க... ம், வளையுது. இன்னும் கொஞ்சம்... போதும். பசை. துணி கிளிப் குடுங்க. நாலு. அஞ்சு. எத்தனை கிளிப் வெச்சிருக்கீங்க?

— அறுபது. ஒரு கால் ஒட்ட இருபது கிளிப் வேணும். ஒரு நாள் முழுக்கக் காயணும்.

— துணி எதுல காயப்போடுறீங்க?

— நாற்காலியில. ஆனா, நீ ஏதோ சொல்ல வந்தே. அக்கறைன்னு.

— விடுங்க.

— சொல்லு.

— மெஷின் ஊசி என் ஆள்காட்டி விரல்ல ஏறிச்சே, ஞாபகம் இருக்கா? நகத்தைத் துளைச்சு அந்தப் பக்கம் வந்துச்சு. நானே ஆஸ்பத்திரிக்குப் போய், மூணு தையல் போட்டு, இவ்வளவு பெரிய கட்டோட வந்து உங்களுக்குத் தட்டு வெச்சேன். சாப்பிட்டீங்க. கை கழுவினீங்க. படுத்துட்டீங்க. அடுத்த நாளும் கேக்கலை. கட்டுப் பிரிக்குற வரைக்கும் கேக்கலை. கேக்குறேன்ல, எப்படி முடிஞ்சுது உங்களால?

— பார்த்தேன்.

— பார்த்தீங்களா!

— நீ தட்டு வைக்கும்போதே பார்த்தேன். வாய் வரைக்கும் வந்துச்சு. எப்படிக் கேக்குறதுன்னு யோசிச்சுக்கிட்டே இருந்தேன். அதுக்குள்ள சாப்பாடு முடிஞ்சுடுச்சு. அப்புறம் கேட்டா 'இப்பத்தான் தெரிஞ்சுதா'ம்பே. அடுத்த நாள் இன்னும் கஷ்டம். நாளாக ஆகக் கேக்கவே முடியாமப் போச்சு.

— வலிக்குதான்னு ஒரு வார்த்தை. அதுக்கு ஒரு யோசனையா?

— வலிச்சுதா?

— இப்போ கேளுங்க. அழுத்திப் பிடிங்க, கிளிப் நழுவுது. யாரோ கதவைத் தட்டுறாங்க.

— கீழ் வீட்டுக்காரர். தேய்க்குற சத்தத்துக்கு வருவார். நீ போ. நான் இந்தக் கோலத்துல வர முடியாது.

— வர்றேன் வர்றேன், உடைச்சுடாதீங்க... வணக்கம் சார்.

— சார் இருக்காரா? தப்பா நினைக்காதீங்க, மூணு நாளா மேலே ஒரே கரகரப்பு. வீட்டம்மா தூங்க முடியலைன்னு... அட! நீங்களா? எப்போ வந்தீங்க?

— காலைலதான்.

— நல்லது. ரொம்ப நல்லது. தப்பா நினைக்காதீங்க, நீங்க இல்லாம இந்த வீட்டுல விளக்கு எரியுதா இல்லையான்னே தெரியாது. மனுஷன் படியில ஏறுறதும் இறங்குறதும் நிழல் மாதிரி. இனிமே கவலையில்லை. சத்தம் வந்தா வரட்டும். குடும்பம்னா சத்தம் இருக்கத்தானே செய்யும். நான் வர்றேன்.

— சரிங்க சார்.

— என்ன சொன்னார்?

— கேட்டுதுல்ல.

— ஏன் இல்லைன்னு சொல்லலை? ஒரு வேலைக்காக வந்திருக்கேன்னு சொல்லியிருக்கலாமே.

— நீங்க உள்ளே இருந்து குரல் குடுத்திருக்கலாமே. நீங்களும்தான் சொல்லலை. விடுங்க. முதுகுத் தட்டு இன்னிக்குக் காயட்டும். பக்கிள் சரியா விழுதான்னு மார்புத் தட்டை மட்டும், பட்டையை முதுகுக்குக் குறுக்கே இழுத்துக் கட்டிப் பார்ப்போம். கையைத் தூக்குங்க. உள்ளே போட்டிருக்குற கருப்புச் சட்டை ஏன் இவ்வளவு ஒட்டிக்கிட்டு இருக்கு? இளைச்சுட்டீங்க.

— முப்பத்தெட்டரைன்னியே.

— வயிறு முப்பத்தெட்டரை. முதுகு எலும்பு எண்ணலாம் போல இருக்கு. ரெண்டுக்கும் சம்பந்தமில்லை. இங்கே தொட்டா கூசுதா? ஏன் துள்ளுறீங்க?

— கூசலை.

— அப்புறம்?

— யாரும் தொடுறதில்லை. அதான். முடி வெட்டுறவன் கழுத்துல கை வைப்பான், மாசம் ஒரு தடவை. அவ்வளவுதான். நீ இப்போ பட்டையைப் பிடிச்சுக்கிட்டு பின்னாடி வந்தப்போ எனக்கு என்னமோ... நீ கட்டு. ஒண்ணுமில்லை. ஏன் நிறுத்திட்டே?

— கோடு எங்கே போட்டேன்னு தேடுறேன். பேசாம நில்லுங்க. கண்ணுல தூசி விழுந்துடுச்சு, உங்க பிளாஸ்டிக் தூசி.

— ஜன்னலைத் திறக்கட்டுமா?

— வேணாம். கட்டியாச்சு. இடுப்பைத் திருப்புங்க. உக்கார முடியுதா?

— உக்காரக் கூடாது. உடைஞ்சுடும். நின்னுக்கிட்டேதான் இருக்கணும். கீழே குனிஞ்சாலும் காலைப் பார்க்க முடியாது. அதான் எல்லாரும் கூட ஒருத்தரைக் கூட்டிட்டு வருவாங்களாம். பல் டாக்டருக்கு அவர் பொண்டாட்டி. இன்னொருத்தனுக்கு அவன் அண்ணன். கட்டிவிட, தண்ணி குடுக்க, படியில கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போக.

— அந்தத் தலையையும் மாட்டுங்க. முழுசாப் பார்க்கலாம்.

— எதுக்கு? வேணாம்.

— கேக்குறேன்ல. இவ்வளவு தூரம் வந்திருக்கேன்.

— சரி. குடு... மாட்டிட்டேன். எப்படி இருக்கு?

— ஐயோ! யாரோ மாதிரி இருக்கு. நிஜமா நீங்கன்னு தெரியலை. உள்ளே மூச்சு விட முடியுதா?

— முடியுது. சூடா இருக்கு. என் குரல் எனக்கே வேற யாரோ பேசுற மாதிரி கேக்குது. இது நல்லா இருக்கு தெரியுமா? ஞாயித்துக்கிழமையில இதை மட்டும் மாட்டிக்கிட்டுச் சும்மா உக்கார்ந்திருப்பேன். அப்பப்போ பேசுவேன்.

— யாரோட?

— யாரோடயும் இல்லை. லிப்டைப் பத்தி. என்னிக்கு எந்தக் கட்டடத்துல எந்தக் கதவு மாட்டிக்கிச்சுன்னு. போன வாரம் ஒரு லிப்டுக்குள்ள ஒரு அம்மா முக்கால் மணி நேரம் மாட்டிக்கிட்டாங்க. நான் லிப்டுக் கூரை மேல இருந்து வேலை பார்க்குறேன். அவங்க கீழே இருந்து 'தம்பி, இருக்கீங்களா? போயிடாதீங்க'ன்னு கேட்டுக்கிட்டே இருந்தாங்க. நானும் 'இருக்கேம்மா, இருக்கேம்மா'ன்னு சொல்லிக்கிட்டே இருந்தேன். கதவு திறந்ததும் அவங்க பாட்டுக்குப் போயிட்டாங்க. எனக்கு வீட்டுக்கு வர மனசே இல்லை.

— இந்த மாதிரி நீங்க பேசி நான் கேட்டதே இல்லை.

— கழட்டிடட்டுமா?

— கழட்டாதீங்க. பேசுங்க.

— உன்கிட்ட சொல்லணும்னு ஒண்ணு இருக்கு. சிரிக்கக் கூடாது.

— சிரிக்கலை.

— நீ வீட்டை விட்டுப் போன வருஷம், மழை முடிஞ்ச சமயம். ஒரு ஞாயித்துக்கிழமை சாயங்காலம் உங்க அக்கா வீட்டுத் தெருவுக்கு வந்தேன்.

— எப்போ? அக்கா சொல்லவே இல்லையே.

— அக்காவுக்குத் தெரியாது. மாடி ஏறலை. எதிர்ல இருக்குற மருந்துக்கடைப் பக்கம் நின்னேன். உன்னைக் கூட்டிட்டு வரணும்னுதான் வந்தேன். என்ன பேசணும்னு ஒரு சீட்டுல எழுதிக்கூட வெச்சிருந்தேன். மேலே ஜன்னல் திறந்திருந்துச்சு. உள்ளே ஒரே சிரிப்பு. உங்க அக்கா பிள்ளைங்க கத்துது, உங்க மாமா ஏதோ சொல்றார், எல்லாரும் சிரிக்கிறீங்க. உன் சிரிப்பும் கேட்டுச்சு.

— என் சிரிப்பா?

— பன்னெண்டு வருஷம் கேட்ட சிரிப்பு எனக்குத் தெரியாதா? நம்ம வீட்டுல நீ அப்படிச் சிரிச்சு எவ்வளவோ நாளாயிருந்துச்சு. இவளுக்குன்னு ஒரு கூட்டம் கிடைச்சிருக்கு, கலகலன்னு இருக்கா, மறுபடி இந்தச் செத்த வீட்டுக்கு எதுக்கு இழுத்துட்டு வரணும்னு தோணுச்சு. மருந்துக்கடைக்காரன் என்ன வேணும்னு கேட்டான். தலைவலி மாத்திரை வாங்கிட்டு வந்துட்டேன். சிரிக்கிறியா?

— இல்லை.

— இதுக்குள்ள இருந்து சரியாத் தெரியலை. கண்ணுகிட்ட புகை மூட்டமா இருக்கு.

— கழட்டுங்க. மூச்சு முட்டும்.

— ஒரு நிமிஷம். இன்னொண்ணும் சொல்லிடுறேன். கழட்டிட்டா வராது. சனிக்கிழமை காலைல கண்காட்சி மைதானத்துல நாப்பது பேரும் வரிசையா நிக்கப் போறோம். எனக்கு அதுதான் முதல் தடவை. பிள்ளைங்க பக்கத்துல வந்து நிக்குமாம். தோள்ல கை போட்டுப் போட்டோ எடுத்துக்குவாங்களாம். ஒரு காலை நேரம் பூரா மனுஷங்க பக்கத்துல. எனக்கு அது வேணும். ஆனா கட்டிவிட ஆள் இல்லை. நீ வர்றியா? கட்டிவிட்டுட்டுப் போயிடு. நிக்க வேண்டாம். இல்லை, நிக்கலாம். உனக்கு இஷ்டம்னா நிக்கலாம். அதுக்கப்புறம் என்னன்னு நான் கேக்கலை. சனிக்கிழமை மட்டும்.

— முதல்ல அதைக் கழட்டுங்க. இப்படி யாரோ மாதிரி நின்னா என்னால சொல்ல முடியாது.

— கழட்டிட்டேன்.

— வேர்த்துக் கொட்டுது. இந்தாங்க, துடைச்சுக்கோங்க. நான் வெள்ளிக்கிழமை ஊருக்குப் போறேன்.

— எந்த ஊருக்கு? திரும்பி எப்போ?

— திரும்பி வர்றதா இல்லை. வேலை கிடைச்சிருக்கு. பெரிய தையல் யூனிட், தீயணைப்புக்காரங்க உடுப்பெல்லாம் அங்கே தைக்கிறாங்க. அறுபது மெஷினுக்கு நான் மேற்பார்வை. தங்க இடமும் தர்றாங்க. பத்து மணி நேரப் பயணம். இதைச் சொல்லிட்டு, இந்த வீட்டுச் சாவியைக் குடுத்துட்டுப் போகணும்னு ரெண்டு வாரமா நினைச்சுக்கிட்டு இருந்தேன். எப்படி வந்து நிக்கிறதுன்னு தெரியாம இருந்தப்போதான் உங்க மெசேஜ் வந்துச்சு.

— அப்போ கை ஒடிஞ்சுடுச்சுன்னு ஓடி வந்தேன்னது?

— அதுவும் நிஜம்தான். ரெண்டும் நிஜம்.

— வெள்ளிக்கிழமை.

— காலை ஆறரைக்குப் பஸ். ஒரு மாசம் முன்னாடி நீங்க இப்படி ஒரு வார்த்தை கேட்டிருந்தா... வேணாம், அதைப் பேச வேணாம். அங்கே கையெழுத்துப் போட்டாச்சு. என்னை நம்பி ஒருத்தியை வேலையை விட்டு அனுப்பிட்டாங்க.

— நல்ல வேலைதான். நல்லா இருக்கும். அக்கா விடுறாங்களா? பிள்ளைங்க உன்னைத் தேடுமே.

— திரும்பி நில்லுங்க.

— எதுக்கு?

— பக்கிளைக் கழட்டணும். துளை போடுற மெஷின் இருக்கா? ரிவெட் ஆணி இருக்கா?

— அந்த டப்பாவுல. ஏன், பக்கிள் சரியாத்தானே விழுந்துச்சு?

— ரெண்டையும் பின்னாடியில இருந்து எடுத்துடுறேன். இடது விலாப் பக்கம் கொண்டு வந்து, தட்டுக்கு உள்ளே மறைச்சு வைக்கிறேன். வெளியே தெரியாது. உங்க குழுவுல யாரும் குறை சொல்ல மாட்டாங்க. பின்பக்கம் நிரந்தரமா மூடியே இருக்கட்டும். தலை வழியா மாட்டிக்கிட்டு, பக்கத்துல கட்டிக்கலாம். கட்டிவிட ஆள் வேண்டாம்.

— அதெல்லாம் நான் யோசிச்சுப் பார்த்துட்டேன். பக்கத்துல வெச்சா ஒத்தைக் கை எட்டாது.

— எட்டும். இடது கையைத் தலைக்கு மேல தூக்குங்க. வலது கையை மார்புக்குக் குறுக்கே கொண்டு போங்க. அப்படியில்லை, உள்ளங்கை உங்களைப் பார்த்து இருக்கட்டும். இப்போ நடுவிரல் எங்கே படுதோ அங்கேதான் பக்கிள். அதுக்கு ஒரு இஞ்சு மேலே போனாலும் எட்டாது, கீழே போனாலும் பிடிமானம் கிடைக்காது. பட்டுதா?

— பட்டுது.

— அங்கே ஒரு புள்ளி வைக்கிறேன். அசையாதீங்க.

— கட்டிவிட வீடு நிறைய ஆள் வெச்சிருக்குறவ நீ. இந்த இடம் உனக்கு எப்படித் தெரிஞ்சுது?

— அக்கா வீட்டுல ஒரு வாரம்தாங்க இருந்தேன், நீங்க வந்த ஞாயித்துக்கிழமை சும்மா பார்க்கப் போயிருந்தேன். பத்தொன்பது மாசமா கடைக்கு மேலே ஒத்தை ரூம்ல தனியா இருக்கேன், என் துணி ஒண்ணுல கூட இப்போ முதுகுல ஜிப் கிடையாது.